டத்தோவுக்குக் கஞ்சி

“மனித குலத்தின் முதல் சொல் தமிழ்ச் சொல். அது ஒலித்த இடம் மலாக்காக் கடற்கரை. அதை மொழிந்த திருவாய், அன்பர்களே, இன்று காஜா பெராங்கில், அடியேன் இல்லத்து முன்னறையில், கண்ணாடி அலமாரிக்குள் எழுந்தருளியிருக்கிறது!”

ஏகாம்பரம் இதை நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். சொன்னார் என்பது ஒரு மரியாதைக்கு. ‘திருவாய்’ என்ற இடத்தில் ‘இழுவாய்’ என்று வந்தது. ‘மொழிந்த’ என்ற சொல் வாயிலிருந்து வராமல் முகவாயில் வழிந்தது. அவருடைய பற்கள், மேல்வரிசையும் கீழ்வரிசையும், அந்த நேரம் கட்டிலருகே முக்காலியில் ஒரு கண்ணாடிக் கோப்பைத் தண்ணீருக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

எடுத்து மாட்டிக்கொண்டார். முகம் சுளித்தது.

“ருக்மணி! கோப்பைத் தண்ணியில உப்புப் போட்டியா?”

“பைப்புத் தண்ணிங்க,” சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “உங்க பல்லுக்கு நான் ஏன் ரசம் வைக்கிறேன்?”

“மெதுவாப் பேசு!”

அது சமையல் உப்பு அல்ல. கடல் வற்றிக் கிடக்கும் பிற்பகலில், சேறு வெயிலில் வெடித்து, செத்த சிப்பியும் அழுகிய பாசியும் சேர்ந்து ஒரு நாற்றம் வருமே, அதை நாக்கால் தொட்டதுபோல் இருந்தது. துப்பினார். வாய் கொப்பளித்தார். முதல் வாக்கியத்தை மறுபடி தொடங்கினார்.

அந்த ஆகஸ்டில் மலாக்காவில் யாரும் சும்மா இருக்கவில்லை. மாதக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம். சீனச் சங்கத்தார் சிங்க ஆட்டத்துக்குப் புது வால் தைத்தார்கள். மலாய்க் கம்போங் கிராமங்களில் தோரணம் கட்டினார்கள். மலாக்கா தொல்தமிழ் ஆய்வுக் கழகம் தெருக்கோடி மண்டபத்தில் கண்காட்சி நடத்துவதென்று தீர்மானித்தது. தலைவர் ஏகாம்பரம், செயலாளர் நல்லையா, மகளிர் பகுதி ருக்மணி. வேறு உறுப்பினர் இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மகளிர் பகுதி அப்போது பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. துரை கப்பலேறப் போகிறார். துரை போனபின் துரையின் கிராணி என்ன ஆவார் என்பதை அவர் பகலில் நினைப்பதில்லை. சாயங்காலங்களில் அந்த நினைப்பே அவரைத் தேடி வரும்: யாரோ ஒருவன் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கோப்பையில் தேநீர் குடிக்கிறான், வாசலில் நிற்கும் அவரைக் காட்டி, ‘இது யாரு?’ என்று கேட்கிறான், யாருக்கும் தெரியவில்லை. இதற்கு அவர் கண்ட மருந்து ஒன்றுதான். கண்காட்சியைத் திறக்கப் புது அரசாங்கத்துப் பெரிய மனிதர் வருகிறார். பேச்சு எடுபட வேண்டும். எடுபட்டால் பட்டம். டத்தோ ஏகாம்பரம். அதற்குப் பிறகு எவனும் ‘இது யாரு’ என்று கேட்க முடியாது.

இந்த ஆசை தெரு முழுவதும் அறிந்த இரகசியம். யாரும் அறியாத இரகசியம் பல். வரலாற்று ஆராய்ச்சி என்று சொல்லி சிங்கப்பூர் போய்க் கட்டிக்கொண்டு வந்தது அது.

திருவாய் கிடைத்த கதை இது. மலாக்காவுக்கு வடக்கே கடலோரமாக தஞ்சோங் மேரா என்றொரு முனை. அங்கே கடலைப் பார்த்து நிற்கும் பாறைச் சுவர் பட்டை பட்டையாக நிறம் மாறும்: அடியில் இரத்தச் சிவப்பு, மேலே மஞ்சள், அதற்கும் மேலே சாம்பல் வெள்ளை, இடையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. இரும்பு துருவேறிய நிறம் அது என்றார் சர்வே இலாகாவில் படம் வரையும் யாழ்ப்பாணத்து நல்லையா. ஏகாம்பரம் சிரித்தார். குங்குமம், சந்தனம், திருநீறு! மலையே நெற்றிக்கு இட்டுக்கொண்டு நிற்கும்போது வேறென்ன சான்று வேண்டும்? கத்தரிப்பூக் கோட்டை அவர் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிறுதோறும் சுத்தியலும் சாக்குமாக இருவரும் பாறையடியில் தேடினார்கள். கல்லாகிப்போன சிப்பி கிடைத்தது. திருமாலின் சங்கு என்று ஏகாம்பரம் குறித்துக்கொண்டார். கல்லாகிப்போன மீன் கிடைத்தது; பாண்டியர் கொடி. நண்டு ஒன்றும் கிடைத்தது. அதற்கு மட்டும் இன்னும் அரச பரம்பரை அமையவில்லை.

பிறகு ஒரு மழைக்கு மறுநாள், சரிந்து விழுந்த சிவப்புப் பாளத்துக்குள் அது மல்லாந்து கிடந்தது.

“ஐயா, உது மனிசற்ற மண்டை போலக் கிடக்கு,” என்றார் நல்லையா.

“போல என்னய்யா போல! தமிழன் மண்டை!”

“அதெப்பிடித் தெரியும்?”

“வாய் திறந்திருக்கிறதே!”

முழுக்கக் கல். மேல்தாடையும் கீழ்த்தாடையும் இருந்தன. பல் ஒன்றுகூட இல்லை, குழிகள் மட்டும், மண் அடைத்து. நல்லையா கேமராவைத் தூக்கியதும் ஏகாம்பரம் தோள்துண்டைச் சரிசெய்து, கையை நீட்டி, வரலாறு பார்த்துக்கொண்டிருக்கும் தோரணையில் மண்டையோட்டை அழைத்தார். புது நாட்டுக்கு ஏற்றபடி மலாயிலேயே அழைத்தார்: “டத்தோ, மாரி பாலேக் ரூமா!” பாட்டனாரே, வீட்டுக்குத் திரும்பி வாரும்.

மலாயில் பாட்டனும் டத்தோதான், பட்டம் பெற்றவரும் டத்தோதான். ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் மூத்தவர்களையும் டத்தோ என்றே சொல்வார்கள். ஏகாம்பரத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க இனித்தது. படம் எடுத்து முடித்த பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்று நின்றது. அலை கரைக்கு வர மறந்ததுபோல் ஒரு கணம் எங்கோ தங்கிவிட்டு, பிறகு வந்தது.

“காணும் ஐயா, கூப்பிட்டது போதும்,” என்று சிரித்தார் நல்லையா. “வந்திடப் போகுது.”

பக்கத்து வீட்டு மீனாச்சி மலாக்கா செட்டிக் குலத்துப் பெண்மணி. கெபாயா ரவிக்கையும் சாரோங் கைலியும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, வீட்டிலும் வெளியிலும் மலாய் பேசுவார். மலாக்காவில் சுல்தான் இருந்த காலத்திலேயே அவர் முன்னோர் இங்கே கரையிறங்கிவிட்டார்கள். தொன்மைத் தமிழரைத் தேடிக் கடலோரப் பாறையெல்லாம் தட்டிய ஏகாம்பரம் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தமிழ் பேசாத தொன்மை அவர் கணக்கில் சேராது. மீனாச்சிக்கு இலவசத் தமிழ் வகுப்பு எடுப்பதாக ஒருமுறை பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார். மீனாச்சி ஊறுகாய் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

கல் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வேலிக்கு மேலே மீனாச்சியின் முகம் தெரிந்தது.

“டத்தோ சுடா மாக்கான்?”

டத்தோ சாப்பிட்டாகிவிட்டதா? ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஆக, பேச்சு பரவிவிட்டது. “சுடா, சுடா,” என்றார், கையைப் பாதி உயர்த்தி, பழகிக்கொள்ள வேண்டிய ஓர் அடக்கத்தோடு. மீனாச்சி தலையை லேசாகத் தாழ்த்தினார். அவர் பார்வை மட்டும் ஏகாம்பரத்தின் தோளுக்கு மேலே, முன்னறை ஜன்னலில் இருந்தது. கூச்சம் என்று எடுத்துக்கொண்டார் ஏகாம்பரம்.

அன்று மாலை மழை. கம்பெனியிலிருந்து குடை பிடித்து வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து, செருப்பை உதறிவிட்டு, “ருக்மணி, பசிக்குது,” என்றார்.

அவள் அகப்பையோடு திரும்பினாள். “இப்பத்தானே கஞ்சி குடிச்சீங்க?”

“யாரு?”

“நீங்கதான். வெளக்குகூடப் போடாம முன்னறையில உட்கார்ந்துக்கிட்டு, கொழையக் காய்ச்சிக் கொண்டான்னு கேட்டீங்க. பல்லைப் போட்டுக்கிட்டுப் பேசுங்கன்னுகூடச் சொன்னேன்.”

“நீ என்னைப் பார்த்தியா?”

“முதுகைத்தான் பார்த்தேன். தொப்பலா நனைஞ்சு...” அவள் கண் அவருடைய சட்டையில் நின்றது. சட்டை காய்ந்திருந்தது. அகப்பையிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னறையில் கிண்ணம் காலியாக இருந்தது. வழித்து நக்கிய காலி. நாற்காலிப் பிரம்பில் ஈரம், ஈரத்தில் மணல், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக. கண்ணாடி அலமாரிக்குள் கல் வெல்வெட்டுத் துணிமேல் இருந்த இடத்தில் இருந்தது. துணி நனைந்திருந்தது.

“அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்துலயே போட்டுடுங்க,” என்றாள் ருக்மணி வாசற்படிக்கு அப்பால் நின்றே. “எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

போட்டுவிடலாம் என்று ஏகாம்பரத்தின் கைகூட நினைத்தது. ஆனால் கல் இல்லாமல் பேச்சு ஏது? பேச்சு இல்லாமல் பட்டம் ஏது? வாசலில் நின்று ‘இது யாரு’ என்று கேட்கப்படும் ஆள் அவர் கண்முன் வந்து போனார்.

“மன அயர்ச்சி,” என்று மனைவிக்கு நோய் கண்டுபிடித்தார். “கண்காட்சி முடியட்டும்.” அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் மீனாச்சி வேலிக்கு மேலே மூடிபோட்ட ஒரு கிண்ணத்தை நீட்டினார். அரிசி குழையக் காய்ச்சிய கஞ்சி, உப்பில்லாதது. “டத்தோ தா அடா கிகி,” என்றார், அனுதாபத்தோடு.

டத்தோவுக்குப் பல் இல்லை.

ஏகாம்பரத்தின் கை சட்டென்று வாயைப் பொத்தியது. யார் சொன்னது? ருக்மணியா? பல் கட்டிய சிங்கப்பூர்ச் சீனனா? அடுத்து தெரு முழுக்கத் தெரியும், பெரிய மனிதர் முன்னால் சிரிப்பார்கள். உதட்டை இரு காதுவரை இழுத்து மேல்வரிசை கீழ்வரிசை அத்தனையையும் மீனாச்சிக்குக் காட்டினார். “கிகி! லிஹாட்! கிகி!” பல், பார், பல்!

மீனாச்சி ஓர் அடி பின்வாங்கினார். பிறகு மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல், “புக்கான் எஞ்சே,” என்றார். நீங்கள் இல்லை, ஐயா. அவருடைய விரல் ஏகாம்பரத்தின் தோளைத் தாண்டி ஜன்னலைக் காட்டியது. காட்டிய விரலை உடனே மடக்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, உள்ளே போனார்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் கஞ்சி சூடாக இருந்தது. முதுகு மட்டும் குளிர்ந்தது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம். பெரிய சத்தமில்லை. எலியும் இல்லை, பல்லியும் இல்லை. ஈரமான ஒன்று இன்னொரு ஈரத்தோடு ஒட்டிப் பிரிவது, சற்று நின்று மறுபடி ஒட்டுவது, சளப், சளப் என்று மென்று விழுங்க எதுவும் இல்லாமலே மெல்லுவது. தெருவில் யாருக்கும் அது புரிந்திராது. ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. ஒவ்வொரு காலையும் பல்லை மாட்டுவதற்கு முன்னால் அவருடைய வாய் எழுப்பும் சத்தம் அது. ருக்மணியைத் தவிர உலகத்தில் ஒருவரும் கேட்டறியாத சத்தம். அது இப்போது பூட்டிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது.

விளக்கை எடுத்துப்போய்க் குனிந்து பார்த்தார். தாடைக் குழிகளில் அடைத்திருந்த மண்ணைக் காணோம். கல்லின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாக, மழமழவென்று, மெல்லிசாக ஏதோ படர்ந்திருந்தது. பாறையின் சிவப்பு, ஈரத்தில் ஊறி வெளிவருகிறது. அறிவியல். அவர் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அது ஈறு.

கண்காட்சி நாளன்று மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. ஆறு மணிக்கு முன்பே வீட்டுக்குள் விளக்கு வேண்டியிருந்தது; மழைக்கு மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது. பட்டு ஜிப்பாவையும் ஜரிகை வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் கட்டில்மேல் எடுத்து வைத்தார். பல்லைக் கழற்றிக் கோப்பையில் போட்டார். இடுப்பில் இருந்த சாவியை அவிழ்த்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார். சாரோங்கோடு பின்பக்கம் குளிக்கப் போனார்.

தண்ணீர் உப்பாக இருந்தது. தலையில் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது.

திரும்பி அறைக்குள் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. ஜிப்பா இல்லை. வேட்டி இல்லை. தலையணைக்கு அடியில் கைவிட்டார். சாவி இல்லை. கோப்பையில் தண்ணீர் விளிம்புவரை கலங்கலாக நின்றது. பல் இல்லை. அடியில் சின்னதாக ஒரு நண்டு, உயிரோடு, கண்ணாடியைக் காலால் சுரண்டிக்கொண்டிருந்தது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம்.

“வெளிக்கிடுவமோ ஐயா? நேரம் போட்டுது.” நல்லையா.

“வந்துவிட்டேன் நல்லையா.”

அது முன்னறையிலிருந்து வந்த குரல். மணிபோன்ற குரல். ழகரம் பிசகாத, ஒவ்வோர் எழுத்தும் பல்லில் பட்டுத் தெறிக்கும் குரல். ஏகாம்பரத்தின் குரல்.

“கல்லை எடுக்கேல்லையோ?”

“கல் எதற்கு? நானே வருகிறேனே.”

“அதுவும் சரிதான்!” நல்லையா சிரித்தார். ருக்மணியும் சிரித்தாள். பட்டுப்புடவை சரசரத்தது. “ஜிப்பா உங்களுக்கு இன்னிக்குத்தான் எடுப்பா இருக்குங்க. குடையை எடுத்துக்குங்க.”

ஏகாம்பரம் கத்தினார். ‘ருக்மணி’ என்றுதான் கத்தினார். வாயிலிருந்து வந்தது வேறு. சளப். சளப்.

முன்னறையில் பேச்சு நின்றது.

“அந்தச் சத்தம்,” என்றாள் ருக்மணி. “மறுபடியும் அதே சத்தம். அந்த ரூம்புலதாங்க. கதவைச் சாத்துங்க, எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படாதே. நான் இருக்கிறேன்.”

காலடி வந்தது. ஈரக் காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கடல் நாற்றம் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது. ஏகாம்பரம் கதவில் பாய்ந்தார். கை வழுக்கியது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து விழுந்தது.

கார் போய்விட்டது.

மழை ஓய்ந்ததும் தெருக்கோடி மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. “மனித குலத்தின் முதல் சொல் தமிழ்ச் சொல்...” அவரால் ஒருநாளும் முடியாதபடி, நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு. திருவாய். மொழிந்த. எழுந்தருளியிருக்கிறது. கைத்தட்டல் அலைபோல் வந்து உடைந்தது. கடைசியில் அவர் எழுதியிராத ஒரு வாக்கியம்:

“என்னை வீட்டுக்கு அழைத்து வந்தவருக்கு என் நன்றி.”

கைத்தட்டல் நிற்கவே இல்லை.

நிலைக்கண்ணாடி இருட்டில் பளபளத்தது. ஏகாம்பரம் முகத்தைத் தொட்டார். சொரசொரப்பு. குளிர்ச்சி. விரலில் ஈர மண் வந்தது. நெற்றியில் வெள்ளை. கீழே மஞ்சள். கன்னத்திலிருந்து கழுத்துவரை சிவப்பு. நடுவில் கத்தரிப்பூக் கோடு ஒன்று. துடைத்தார். அது மேலே பூசியது அல்ல. துடைக்கத் துடைக்கக் கை கல்லில் உரசும் சத்தம்தான் கேட்டது.

ஜன்னல் பக்கம் ஒரு விளக்கு அசைந்தது. மீனாச்சி. வேலியைத் தாண்டி வந்திருந்தார். ஜன்னல் கட்டையில் வாழையிலைத் துண்டு விரித்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்தார். கண்ணை உயர்த்தவில்லை. அவர்கள் வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் படைத்துவிட்டு, அவர்கள் உண்ணும் நேரம் பார்க்காமல் ஒதுங்கி நிற்பது வழக்கம். அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் ஏகாம்பரம். பெரிய கிராணி. கழகத் தலைவர். தாழ்ப்பாளைத் திறங்கள். எல்லாவற்றையும் சொன்னார். சளப். சளப். சளப்.

“டத்தோ, மாக்கான்,” என்றார் மீனாச்சி, பணிவாக, இருட்டைப் பார்த்து. சாப்பிடுங்கள்.

நேருக்கு நேர் அவரை அப்படி அழைத்த முதல் ஆள் அவர்தான்.

பசித்தது. கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். பாதி முகவாயில் வழிந்து சாரோங்கில் கொட்டியது.